மூச்சைக் காட்டாதவள்

ஜூன் 12, திங்கள்

மங்கையின் எடையைத் தினமும் காலையில் எழுதி வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எடை எழுத இவ்வளவு தடித்த டைரி தேவையில்லை. ஆசிரியர் சங்கம் கொடுத்தது. ஐந்து மாதமாக பீரோவில் கிடந்தது. முதல் பக்கத்தில் கலியபெருமாளின் புகைப்படம். அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

கலியபெருமாள் எனக்கு எட்டு வருடம் இளையவன். என் நோட்ஸை வாங்கிப் படித்துத்தான் இயற்பியல் துறைக்குள் வந்தான். இப்போது அவன் கல்லூரி முதல்வர். நான் இன்னும் அதே துறையில், அதே நாற்காலியில். நீண்ட விடுப்புக் கேட்டு அவன் முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, "அக்காவ நல்லா பாத்துக்குங்க சார்" என்றான். என் மனைவி மங்கை இவனுக்கு எப்போது அக்கா ஆனாள் என்று தெரியவில்லை.

இதயம் ஒருமுறை அழுத்தினால் உள்ளே இருக்கும் ரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே போக வேண்டுமாம். மங்கைக்குக் கால் பங்குதான் போகிறது. ஏதோ ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இப்படி ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர். காய்ச்சல் எப்போது வந்தது என்று என்னைக் கேட்டார். எனக்கு அப்படி எதுவும் நினைவில்லை.

"ரெண்டு வருஷம் முன்னாடி, ஐப்பசில டாக்டர்" என்றாள் மங்கை. "இவங்க பேப்பர் திருத்தப் போயிருந்தாங்க."

எடை 61.

ஜூன் 13, செவ்வாய்

ரசம் வைத்தேன். உப்பில்லாத ரசம் என்பது சூடான புளித் தண்ணீர். மங்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். தண்ணீர், மோர், காபி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான். அதில் இந்த ரசமும் சேரும். வீணாக்கிவிட்டேன்.

எடை 61.

ஜூன் 15, வியாழன்

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், கேன்டீனுக்கு எதிரே பிசியோதெரபி அறை. ஷர்மிளா பானு என்ற பெண். எங்கள் மகள் இளவேனில் வயதுதான் இருக்கும். காலில் ஓடுவதற்கான ஷூ போட்டிருந்தாள்.

"ஒரு தடவ மூச்சு இழுத்துட்டு, நடுவுல நிறுத்தாம ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுங்கம்மா. எதுவரைக்கும் போகுதோ போகட்டும்."

மங்கை பதினொன்றில் நின்றாள். நின்றதும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், வெளியே யாரோ கூப்பிட்டதுபோல. நானும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். முப்பதைத் தாண்டிப் போனது. அதைச் சொல்லவில்லை.

"நுரையீரல்ல ஒண்ணும் கோளாறு இல்லைன்னு ரிப்போர்ட் சொல்லுதே, அப்புறம் ஏன் இப்படி?" என்று கேட்டேன்.

"ஹார்ட் வீக்கா இருந்தா எல்லா தசைக்கும் ரத்தம் கம்மியாதான் போவும் சார். கை கால் மெலியிறது கண்ணுக்குத் தெரியும். மூச்ச இழுக்குற தசையும் உள்ள மெலியும், அது தெரியாது. பை நல்லாத்தான் இருக்கு. இழுக்குறதுக்குத்தான் ஆளு பத்தல."

கையடக்கமான ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்தாள். உள்ளே ஒரு சுருள்வில். வில்லை மீறி இழுத்தால்தான் காற்று உள்ளே வரும். அடியில் உள்ள திருகைத் திருகினால் வில் இறுகும், இழுப்பது கடினமாகும். முப்பது வருடமாகச் சுருள்வில் பாடம் எடுப்பவனுக்கு இதை இரண்டு முறை விளக்கினாள். காலையும் மாலையும் மூக்கில் கிளிப்பை மாட்டிக்கொண்டு இழுக்க வேண்டும். கைக்குப் பயிற்சி கொடுப்பதுபோல மூச்சுத் தசைக்கும் பயிற்சி. வாரம் ஒருமுறை அவள் பார்த்துத் திருகைக் கூட்டுவாள்.

"சாருக்கு ஒரு வேலை. அம்மா இழுக்கும்போது பக்கத்துல இருங்க. அவங்க முகத்தப் பாருங்க. பேச முடியாத அளவுக்கு வாங்கிச்சுன்னா நிறுத்திருங்க."

பிறகு மங்கையின் தோளைப் பார்த்துவிட்டு, "முன்னாடி ஏதாச்சும் விளையாடுவீங்களாம்மா?" என்றாள்.

"கபடி."

"அட. ஸ்டேட்டா?"

"ரெண்டு தடவ."

அதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னால் என்று நான் சொன்னேன்.

ஜூன் 16, வெள்ளி

மூக்கில் கிளிப்போடு மங்கையைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவள் குழாயை எடுத்துவிட்டு, "சிரிங்க. அதுக்கு யாரும் அளவு வைக்கல" என்றாள்.

எடை 61. எடைக் கருவி குளியலறைக்கு வெளியே இருக்கிறது. அவள் ஏறி நின்று எண்ணைச் சொல்கிறாள், நான் அடுப்படியிலிருந்தபடியே குறித்துக்கொள்கிறேன். நேரம் மிச்சமாகிறது.

ஜூன் 19, திங்கள்

காலை டிபன் முடிந்ததும் கீரை வாங்கப் போனேன். கீரை எங்கள் தெரு முனையிலேயே கிடைக்கும். நான் கீழவாசல் வரை போய் வாங்கினேன். நடப்பது உடம்புக்கு நல்லது.

திரும்பி வந்தபோது மங்கையின் போன் சூடாக இருந்தது, சார்ஜ் தீர்ந்திருந்தது. சார்ஜரில் போட்டு வைத்தேன். யாரிடம் பேசினாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை.

ஜூன் 20, செவ்வாய்

இன்றும் கீழவாசல். கொத்தமல்லி மறந்துவிட்டது என்று இன்னொரு முறையும் போனேன்.

பானு கேட்ட கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கல்யாணமான புதிதில் மங்கைக்கு ரயில்வேயில் வேலை வந்தது, விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில். சென்னையில் போய் இருந்து அவர்கள் அணிக்கு ஆட வேண்டும். மங்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவளேதான் சொன்னாள். என் அம்மாவும் நானும் அப்போது கூடத்தில்தான் இருந்தோம்.

ஜூன் 23, வெள்ளி

ஒரு வாரமாக அதே இழுப்பு. பானு கொடுத்த அளவு மிகக் குறைவு என்று படுகிறது. திருகை ஒரு சுற்றுக் கூட்டினால் விசை எவ்வளவு கூடும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சும்மாதான். மூளை துருப்பிடித்துவிடக் கூடாது.

ஜூன் 25, ஞாயிறு

மங்கைக்கு இன்று அசதி. பயிற்சி முடிந்ததும் மதியம் வரை படுத்திருந்தாள். வெயில்.

ஜூன் 28, புதன்

பானு குழாயை வாங்கிப் பார்த்துவிட்டு, "திருகு ரொம்ப ஏறியிருக்கே சார்" என்றாள்.

தூசி துடைக்கும்போது திரும்பியிருக்கலாம் என்றேன்.

"இது தானா திரும்பாதே. இதுலயா இழுத்தீங்க? கஷ்டமா இல்லையாம்மா?"

மங்கை என்னைப் பார்த்தாள். பிறகு பானுவிடம், "கஷ்டமா ஒண்ணும் தெரியல" என்றாள்.

பானு திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தாள். ஆட்டோவில் திரும்பினோம். இறங்கும்போது மங்கை, "இளவேனிலுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்குடுத்த மாதிரியே இருக்கு" என்றாள். எதைச் சொல்கிறாள் என்று விளங்கவில்லை.

ஜூலை 2, ஞாயிறு

ஓசூரிலிருந்து இளவேனில் பேசினாள். அம்மாவிடம் அரை மணி, என்னிடம் அரை நிமிடம். கடைசியில், "அப்பா, மாமாவ ஒரு தடவ வீட்டுக்கு வரச் சொல்லலாம்ல? அம்மா கேக்க மாட்டாங்க. நான் கேக்குறேன்" என்றாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

மாமா என்பது வைரக்கண்ணு. மங்கையின் அண்ணன். ஒரத்தநாடு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஆள். மங்கைக்குக் கபடி சொல்லிக் கொடுத்ததே அவன்தான். எங்கள் கல்யாணத்துக்கு ஒரு பெண்கள் அணியையே கூட்டிவந்தான். அவர்கள் மணப்பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு பந்தலைச் சுற்றினார்கள். என் பெரியப்பா சாப்பிடாமல் எழுந்து போனார். அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இளவேனில் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது என்னைக் கேட்காமல் அவளைக் கபடி முகாமில் சேர்த்துவிட்டான். நான் மைதானத்துக்கே போய் அவளை அழைத்துக்கொண்டு வந்தேன். கை பிடித்துத்தான் அழைத்துவந்தேன், இழுத்துவந்ததாக அவன் சொல்வது பொய். அப்போது அத்தனை பேர் முன்னால் சொன்னான்: "ஒருத்தி மூச்ச அமுக்குனது பத்தலையா மாப்ள?"

பத்து வருடமாகிறது. அந்த வாக்கியம் அப்படியே இருக்கிறது, ஒரு எழுத்துகூட உதிரவில்லை. அன்றிலிருந்து அவன் என் வீட்டு வாசற்படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவனும் ஏறவில்லை. ஆடிப்பெருக்கு அன்று மட்டும் அவர்கள் வழக்கப்படி தங்கைக்குக் காப்பரிசியும் மஞ்சள் கயிறும் கொண்டுவருவான். கேட்டுக்கு வெளியே தெருவைப் பார்த்தபடி நிற்பான். மங்கை போய் வாங்கி வருவாள். நான் அந்த நேரத்தில் பேப்பர் படிப்பேன்.

ஜூலை 5, புதன்

எடை 61. பயிற்சி நடந்தது. அவரைக்காய்ப் பொரியலில் உப்புக்குப் பதில் எலுமிச்சை பிழிந்தேன். பரவாயில்லை.

ஜூலை 7, வெள்ளி

மங்கை மாடிப்படியில் பாதியில் நின்று பக்கத்து வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பார்க்கிறாய் என்றேன். "பூ விட்டுருக்கு" என்றாள். யோசித்துப் பார்த்தால் அவள் அந்த மரத்தை ஒரு வருடமாகவே அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மாடிக்குத் துணி காயப்போட நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 9, ஞாயிறு

கீழவாசலில் வாழைப்பூ வாங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அந்த எண்ணை நான் போனில் சேமித்து வைக்கவில்லை. பார்த்ததும் யாருடையது என்று தெரிந்தது. மூன்று முறை அடித்து நின்றது. நாலாவது முறை எடுத்தேன்.

"மாப்ள, வைக்காதீங்க. ஒரே ஒரு சேதி." பத்து வருடத்தில் குரல் கரகரத்துப் போயிருக்கிறது. "இப்பதான் அவகிட்ட பேசிட்டு வச்சேன். மூச்சு சரியில்ல."

காலையில்தான் பயிற்சி செய்தாள், நன்றாக இருக்கிறாள் என்றேன்.

"உங்க கண்ணுக்கு நல்லாத்தான் இருப்பா. கபடில எதிர்ப்பக்கம் ஏறிப் பாடப் போறவ, மூச்சு கொறையுறத எதிராளிக்குக் காட்டக் கூடாது மாப்ள. கொறையுதுன்னு தெரிஞ்சா நாலு பேரும் வந்து விழுந்துருவாங்க. நாந்தான் அவளுக்குச் சொல்லிக்குடுத்தேன். முடியுற வரைக்கும் குரல் ஒரே மாதிரி இருக்கணும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்குற எனக்கு மட்டும்தான் தெரியும், வார்த்தையோட நுனி தேயும். இப்ப தேயுது. நாலு நாளா தேயுது. ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்குறா. என்னைக் கோவிச்சுக்குங்க, அப்புறமா. இப்ப டாக்டர்கிட்ட கூட்டிப் போங்க."

போனை வைத்துவிட்டேன். வாழைப்பூவைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மங்கை கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தாள். "எதுக்கு ஓடி வர்றீங்க?" என்றாள். எதுக்கு. ஓடி. வர்றீங்க. முன்பும் இப்படித்தான் பேசினாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"எடைக் கருவில ஏறு."

"காலையில பாத்தாச்சே."

"ஏறு."

இந்த முறை பக்கத்தில் நின்று பார்த்தேன். 64.5.

கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினேன். குழி விழுந்து அப்படியே நின்றது.

ஜூலை 10, திங்கள்

சேர்த்துக்கொண்டார்கள். நுரையீரலில் நீர். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, முடிக்கவில்லை.

நீர் பிரியும் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறாள். அடிக்கடி எழுந்து போக முடியவில்லையாம். எடையையும் அவள் இஷ்டத்துக்குச் சொல்லியிருக்கிறாள். இந்த டைரியில் நான் எழுதியிருக்கும் 61களில் எத்தனை உண்மை என்று தெரியாது.

ஜூலை 11, செவ்வாய்

ஊசியில் நிறைய நீர் பிரிந்திருக்கிறது. ஆக்சிஜன் குழாயை எடுத்துவிட்டார்கள். காலையில் இட்லியை விண்டு ஊட்டினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

கோபமாகத்தான் கேட்டேன். "ஏன் மறைச்ச?"

"மறைக்கணும்னு இல்லங்க. பழக்கம்."

"கபடி ஆடி இருபத்தேழு வருஷமாச்சு. இன்னுமா அந்தப் பழக்கம்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கேன்டீனில் யாரோ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"எதிர்ல ஆளு நிக்கிற வரைக்கும் அந்தப் பழக்கம் போவாதுங்க" என்றாள்.

"நான் எதிராளியா?"

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் போலிருக்கிறது. போர்வையை இழுத்துவிட்டேன். பாதம் மட்டும் வெளியே தெரிந்தது. வலது பெருவிரல் கொஞ்சம் கோணலாக இருக்கும், ஏதோ ஆட்டத்தில் முறிந்ததாக ஒருமுறை சொல்லியிருக்கிறாள். எந்த ஆட்டம், எந்த ஊர் என்று நான் கேட்டதில்லை. பாதத்தையும் மூடிவிட்டேன்.

ஜூலை 12, புதன்

மங்கையின் போனை சார்ஜ் போட்டு, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கேன்டீனுக்குப் போய் மெதுவாக ஒரு காபி குடித்தேன். காபி மோசம். இன்னொன்றும் குடித்தேன்.

ஜூலை 15, சனி

வீட்டுக்கு வந்தாயிற்று. எடை 60. நானே பார்த்தது.

ஜூலை 16, ஞாயிறு

வைரக்கண்ணுவுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும் என்று இளவேனில் சொல்கிறாள். மங்கையே சொல்லியிருப்பாள். ஒரு ஆள் சரியாகக் கணித்துவிட்டதால் அவன் பேசியதெல்லாம் சரியாகிவிடாது. மைதானத்தில் சொன்ன வார்த்தை சொன்னதுதான்.

ஜூலை 18, செவ்வாய்

கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருந்த குரல்தான். மங்கை பேசும்போது வாக்கியத்தின் கடைசியைக் கவனிக்கிறேன். உண்மைதான், நுனி தேய்கிறது. 'சாப்பிட்டீங்களா' என்பதில் 'ளா' காற்றாகப் போகிறது. அப்போது நான் நாற்காலியை நகர்த்திப் போடுகிறேன். அவள் உட்காருகிறாள்.

ஜூலை 20, வியாழன்

கலியபெருமாள் பழக்கூடையோடு வந்தான். அதில் கால்வாசி மாம்பழம். மங்கையோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினான். அவன் அக்கா இதே நோயில் போய்விட்டாளாம், நாலு வருடம் முன்னால். அதை இத்தனை நாள் யாரும் என்னிடம் சொல்லவில்லை.

முதல் பக்கத்தைக் கிழித்த இடம் பிசிறாக இருக்கிறது. கத்தரியால் சீராக வெட்டிவிட்டேன்.

ஜூலை 26, புதன்

பானு திருகை ஒரு கோடு கூட்டினாள், முறையாக. மங்கை இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. இழுக்க முடியாதபோது கையைத் தூக்கி "போதும்" என்கிறாள். முதல் முறை அவள் "போதும்" என்றபோது பானு கைதட்டினாள். முடியாது என்று சொன்னதற்கு ஒருவர் கைதட்டி நான் பார்த்ததில்லை.

எண்ணச் சொன்னாள். பதினெட்டு வரை போனது.

"எனக்கு எண்ணிக்கை ஒத்து வர்ல பானு. நான் கபடிப் பாட்டாவே சொல்றேனே" என்றாள் மங்கை.

நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, மூச்சை உள்ளே இழுத்து, கபடி கபடி கபடி என்று ஆரம்பித்தாள். தாழ்ந்த குரல். பக்கத்துக் கட்டிலில் முழங்காலுக்குச் சூடு வைத்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எண்ணிக்கையைவிட நிச்சயமாக நீண்ட நேரம். பானு அதை எப்படிக் குறித்துக்கொள்வது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள்.

இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்தவளின் அந்தக் குரலை இன்றுதான் கேட்கிறேன்.

ஜூலை 30, ஞாயிறு

வியாழக்கிழமை ஆடிப்பெருக்கு. "அண்ணன் வரும்" என்றாள் மங்கை.

தெரியும் என்றேன்.

"கேட்டுவரைக்கும் நான் நடந்துருவேன். அதுல ஒண்ணும் இல்ல. அதுக்கு வயசு அறுவத்தி ரெண்டாச்சு. வெயில்ல நிக்க வைக்கிறோம்."

நான் பேப்பரை மடித்து வைத்தேன். உனக்கு வேண்டுமானால் நீயே கூப்பிட்டுக்கொள் என்று சொன்னேன்.

"நான் கூப்புட்டா அது வராது. வாசப்படி ஏறாதன்னு சொன்னது நானில்லையே."

மடித்து வைத்த பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 2, புதன்

கூடத்து மேஜையைச் சுவரோரம் தள்ளிப் போடச் சொன்னாள். எதற்கு என்றேன். நடக்க இடம் வேண்டுமாம். தள்ளிப் போட்டேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

எடை 60. மழைத் தூறலோடு விடிந்து, ஒன்பதரை மணிக்கு வெயில் வந்துவிட்டது.

எங்கள் கூடத்தில் பாதி பழைய சிவப்புத் தரை, பாதி டைல்ஸ். வீட்டை முன்பக்கம் இழுத்துக் கட்டியபோது போட்டது. இரண்டும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு ஓடும். என் நாற்காலி டைல்ஸ் பக்கம், வாசற்கதவை ஒட்டி. அங்கே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பத்து மணி சுமாருக்கு வெளியே ஒரு டி.வி.எஸ். வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டேன்.

மங்கை உள்ளிருந்து வந்தாள். கேட்டுக்குப் போகப் போகிறாள் என்று நினைத்தேன். கோட்டருகே வந்து நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"என்ன பண்ற?"

மூச்சை இழுத்தாள். பானுவின் குழாயில் இழுப்பதுபோல, வயிற்றிலிருந்து, முழுசாக. கோட்டைத் தாண்டி ஒரு கால் வைத்தாள்.

கபடி கபடி கபடி கபடி.

ஓடவில்லை. நடந்தாள். ஒவ்வொரு காலாக, பக்கவாட்டில், கண்ணை என் மேலிருந்து எடுக்காமல். நான் எழுந்து பிடிக்கலாமா, உட்கார வைக்கலாமா என்று தெரியவில்லை. முகத்தைப் பாருங்க என்று பானு சொன்னது ஞாபகம் வந்தது. பேப்பரைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தின் முக்கால் தூரம் வந்தபோது நுனி தேய ஆரம்பித்தது. எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்கிறது என்று அவளுக்கும் தெரிந்தது. குரலைச் சரிசெய்துகொள்ளவில்லை. தேயட்டும் என்று விட்டாள். வாயோரம் வெளுத்தது, கழுத்து நரம்பு எழுந்தது, எல்லாவற்றையும் என் கண் முன்னால் அப்படியே வைத்தாள். கையை நீட்டி என் முழங்காலைத் தொட்டாள். திரும்பினாள்.

திரும்பிப் போகும் தூரம் அதிகமாகத் தெரிந்தது. நான் பாதி எழுந்துவிட்டேன். போதும் மங்கை, நிறுத்து என்பது வாய் வரை வந்தது. சொல்லவில்லை. கபடி என்பது பாதியாகி, வெறும் காற்றாகி, காற்றும் முடியப்போகும்போது அவள் வலது காலை நீட்டினாள். கோணல் பெருவிரல் கோட்டைத் தாண்டிச் சிவப்புத் தரையில் பட்டது.

அங்கே இருந்த முக்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நான் ஓடிப் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தபடியே வாங்கினாள். கொஞ்சம் கொஞ்சமாக மட்டுப்பட்டது.

"அவுட்டு" என்றாள்.

"யாரு?"

"நீங்கதான். பாட்டு அறுபடாம தொட்டுட்டு கோட்டுக்கு வந்துட்டேன். வெளிய போங்க."

"இது வீடு மங்கை."

"அவுட்டானவங்க உள்ள நிக்கக் கூடாது. வெளிய போங்க."

அவள் முகத்தில் விளையாட்டும் இருந்தது, அது இல்லாத ஒன்றும் இருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனேன்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஒரு கையில் தூக்கு, இன்னொரு கையில் மஞ்சள் பை. நான் வருவதைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"அவள வரச் சொல்லுங்க மாப்ள. குடுத்துட்டு ஓடிர்றேன். காப்பரிசிதான், வெல்லம் போட்டது. உப்பு இல்ல."

"அவ வர மாட்டா."

தூக்கு வைத்திருந்த கை தாழ்ந்தது. "ஏன், என்னாச்சு? மூச்சு..."

"மூச்சுக்கு ஒண்ணும் இல்ல. இப்பதான் ஏறி வந்து என்னைத் தொட்டுட்டு, திரும்பக் கோட்டுக்குப் போயிட்டா. நான் அவுட்டு. வெளிய நிக்கச் சொல்லிட்டா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வீட்டைப் பார்த்தார். "பாட்டு அறுபடலையே?" என்று கேட்டார். கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது.

"அறுபடல. நுனி தேஞ்சுது. எனக்குக் கேட்டுச்சு."

இரண்டு பேரும் கேட்டுக்கு இரண்டு பக்கமும் நின்றோம். பக்கத்து வீட்டு முருங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவள ஒத்த ஆளாப் புடிக்க முடியாது மாப்ள. ஜில்லாவுலயே யாரும் புடிச்சதில்ல."

"தெரியுது. அவளப் புடிச்சாத்தான் அவுட்டான எனக்கு உயிர் வரும், அதுக்கு என் பக்கத்துல இன்னொரு ஆளு வேணும்." கேட்டின் கொக்கியை எடுத்தேன். மழையில் துருவேறிச் சிக்கியிருந்தது, இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. "உள்ள வாங்க மச்சான்."

வாசற்படியில் காலை வைக்கும்முன் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர்கள் வீட்டில் இது எல்லோருக்கும் வழக்கம் போலிருக்கிறது.

மங்கை முக்காலியை விட்டு எழவில்லை. "வா அண்ணே" என்று மட்டும் சொன்னாள். அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அடுப்படிக்குப் போய் மூன்று பேருக்குக் காபி போட்டேன். மங்கைக்கு அரை டம்ளர்தான், கணக்கில் சேர்த்துவிட்டேன்.

மாலையில் பயிற்சி நடந்தது. மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். திருகை இன்னும் ஒரு சுற்றுக் கூட்டலாமே என்றார். கூட்டக் கூடாது, அதைப் பானுதான் செய்ய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

மங்கைக்குச் சிரிப்பு வந்து, கிளிப் கழன்று விழுந்தது. மறுபடியும் முதலிலிருந்து இழுக்க வேண்டியதாயிற்று.